காலில் கட்டிய வார்

கம்பிவலைக்குப் பின்னால் நிற்கும் விலங்கைப் படமெடுக்க வேண்டும். படத்தில் வலை தெரியக் கூடாது. நாங்கள் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் அதுதான் தேர்ச்சிக்கு அடையாளம். லென்ஸின் வாயை வலையோடு ஒட்ட வைப்போம். அபர்ச்சரை முழுவதும் திறந்துவிடுவோம். விலங்கு வலையை விட்டு விலகி உள்ளே போகும்வரை கை வலிக்கக் காத்திருப்போம். வலையின் மேல் வெயில் விழுந்தால் கம்பிகள் வெளிறிப்போய்ப் படம் முழுக்கப் பரவிவிடும். அதனால் கூட வந்தவர் தொப்பியை நீட்டி நிழல் கொடுப்பார். எல்லாம் கூடிவந்தால் கம்பி கரைந்துபோகும். சிறுத்தை காட்டில் நிற்பதுபோல் நிற்கும்.

இன்று அதே வேலையைக் கைப்பேசி செய்கிறது. எடுத்த படத்தில் வலை விழுந்த இடத்தை விரலால் தடவினால் போதும், வலை போய்விடும். அதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய ரோமத்தையும் மீசையையும் அதுவே வரைந்துவிடும். மறைப்பது இவ்வளவு எளிதாகிவிட்ட இந்தக் காலத்தில்தான், மறைக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டிருக்கிறது. அடைபட்ட விலங்கைப் படமெடுப்பதில் எனக்கு மறுப்பு எதுவும் கிடையாது. என் வாழ்நாளில் பெரும்பகுதி அதைத்தான் செய்திருக்கிறேன், இன்னும் செய்வேன். அது அடைபட்டிருக்கிறது என்பதும் படத்திலேயே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் எங்களுக்கு சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் முடிந்ததும் பெனின்சுலா பிளாசாவில் ஃபிலிம் வாங்கிக்கொண்டு கிளம்புவோம். அப்போது புதிதாக வந்திருந்த வெல்வியா ஸ்லைடு ஃபிலிமின் மேல் எல்லோருக்கும் பைத்தியம். வேகம் ஐம்பதுதான். கொஞ்சம் மேகம் மூடினாலும் ஓடுகிற விலங்கை, பறக்கிற பறவையை அதில் பிடிக்க முடியாது. ஒரு சுருளில் முப்பத்தாறு படம். ஸ்லைடில் பிற்பாடு திருத்த வழியில்லை, எடுத்தது எடுத்ததுதான். போக இரண்டே இடங்கள்: மண்டாய் விலங்குத் தோட்டம், ஜூரோங் பறவைப் பூங்கா.

மண்டாய் தோட்டம் 1973 ஜூன் 27 அன்று திறக்கப்பட்டது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த ஓங் சுவீ லாவின் கனவு அது. அதற்கு ஆலோசகராக அழைக்கப்பட்டவர் கொழும்பு தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் இயக்குநர் லின் டி அல்விஸ். கூண்டுக் கம்பிகளுக்குப் பதிலாக அகழி, அகழியைப் பார்வையிலிருந்து மறைக்கச் செடிகொடிகள், பின்னணியில் செலேத்தார் நீர்த்தேக்கத்தின் நிஜக் காடு என்று அமைத்தார்கள். தொடக்கத்தில் அந்தத் திறந்தவெளி ஏற்பாடு நிறையச் சோதனைகளைச் சந்தித்தது. திறப்பு விழாவுக்கு முன்பே ஒரு கருஞ்சிறுத்தை தப்பித்து ஓடியது. அடுத்த ஆண்டு ஒரு நீர்யானை நீர்த்தேக்கத்துக்குள் இறங்கி, பல வாரங்கள் பிடிகொடுக்காமல் இருந்தது. பிறகு எல்லாம் சீராகிவிட்டது. எல்லை என்பது பார்க்க வருகிறவரின் கண்ணுக்கு மட்டும் மறைந்தது. உள்ளே இருக்கும் விலங்குக்கு அகழி எத்தனை அடி என்பது நன்றாகவே தெரியும்.

புகைப்படக்காரர்களுக்கு அந்தத் தோட்டம் ஒரு வரம். கைப்பிடிச் சுவரில் எந்த இடத்தில் நின்றால் அகழியின் சிமெண்டு விளிம்பு புல்லுக்குள் மறையும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் சுவரின் பூச்சே வழவழப்பாகிப் போயிருந்தது. அங்கே நின்று எடுத்த வெள்ளைப் புலியும் வரிக்குதிரையும் பல வீட்டு வரவேற்பறைகளில் காட்டு விலங்குகளாகத் தொங்கின. எந்தக் காடு என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் புகைப்படம் என்றால் நம்புவார்கள்.

இனூக்காவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1990 டிசம்பர் 26 அன்று மண்டாயில் பிறந்த பனிக்கரடி. பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே பிறந்து, அங்கேயே வளர்ந்து, பனி விழுவதை ஒருநாளும் பாராமல் 2018 ஏப்ரல் 25 அன்று கருணைக்கொலை செய்யப்பட்ட விலங்கு. அதைப் படமெடுக்கும் எல்லோருமே நெருக்கமாகத்தான் எடுப்பார்கள். ஈரம் சொட்டும் முகம், கறுத்த மூக்கு, பின்னால் நீலத் தண்ணீர். ஆர்க்டிக் என்றால் ஆர்க்டிக்தான். 2004-ஆம் ஆண்டு அதன் ரோமம் பச்சையாகிப்போனது. பனிக்கரடியின் முடி உள்ளே குழலாக இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தக் குழலுக்குள் பாசி வளர்ந்துவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடால் கழுவித்தான் வெள்ளையாக்கினார்கள். அந்த நாள்களில் நண்பர்கள் பலர், வெள்ளை திரும்பட்டும் என்று கேமராவை உறையிலேயே வைத்திருந்தார்கள். இன்று திரும்பிப் பார்க்கையில், இனூக்காவின் வாழ்க்கையை ஒரே படத்தில் சொல்வது அந்தப் பச்சைக் கரடிதான். வெப்பமண்டலத்தில் இனிப் பனிக்கரடி வளர்ப்பதில்லை என்ற முடிவுக்குத் தோட்டம் பின்னாளில் வந்தது. அந்த முடிவின் நியாயத்தை ஆயிரம் சொற்களைவிட அந்தப் பாசிபிடித்த முதுகு எளிதாகப் புரியவைக்கும்.

ஜூரோங்குக்கு வருகிறேன். என் மனம் இருப்பது அங்கேதான்.

1967-இல் உலக வங்கிக் கூட்டத்துக்காக ரியோ டி ஜெனீரோ போயிருந்த அமைச்சர் கோ கெங் சுவீ, அங்கே பறவைகள் தாராளமாகப் பறந்து திரியும் ஒரு பெரிய கூண்டைப் பார்த்து மகிழ்ந்து, அதைப்போல் ஒன்று நம் ஊரிலும் வேண்டும் என்று எண்ணியதில் பிறந்தது ஜூரோங் பறவைப் பூங்கா. 1971 ஜனவரி 3 அன்று திறந்தது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஜனவரி 3 அன்று, 2023-இல் மூடினார்கள். பறவைகள் மண்டாய்க்குப் போயின. அங்கே அந்த ஆண்டு மே மாதம் பேர்ட் பாரடைஸ் திறந்தது. முப்பது மீட்டர் உயரச் செயற்கை அருவியும் கிளிகளும் பூநாரைகளும் சுற்றுலாப் பயணிகளுக்கு. எங்களுக்கு அங்கே வேலை ஒன்றே ஒன்றுதான்: பருந்துக் காட்சி.

புல்தரையின் ஒரு கோடியில் பயிற்சியாளர் தோல் கையுறையோடு நிற்பார். மேட்டில் இருக்கும் கட்டையிலிருந்து பறவை கிளம்பும். கூட்டத்தின் தலைக்கு மேலே, சில சமயம் யாருடைய தொப்பியையாவது உரசுவதுபோல் தாழ்ந்து வந்து, கடைசி நொடியில் சிறகை விரித்து நிறுத்தி, கால்களை முன்னே நீட்டிக் கையுறையில் இறங்கும். செம்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு, அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரிஸ் பருந்து. இவற்றில் முதலிரண்டும் சிங்கப்பூர் வானத்திலேயே திரிபவை. காட்சி நடக்கும்போது மேலே காட்டுச் செம்பருந்து ஒன்று வட்டமடிப்பதும் உண்டு. ஒரே இனம், ஒரே வானம். கீழே ஒன்று அழைத்தால் வருகிறது, மேலே ஒன்று யார் அழைத்தும் வராது. இரண்டையும் ஒரே சட்டத்தில் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன்; அந்த லென்ஸுக்கும் அந்த ஃபிலிமுக்கும் அது எட்டாத ஆசை.

தானாகக் குவியும் லென்ஸ் அப்போது இருந்தது என்றாலும் பறந்துவரும் பருந்தை விரட்டிப் பிடிக்கிற வேகம் அதற்கில்லை. ஆகவே பறவையை விரட்டவே மாட்டோம். அது எப்போதும் ஒரே கோட்டில்தான் வரும், ஏனென்றால் இறைச்சி எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கும். கையுறைக்கு ஓர் ஆள் தூரம் முன்னால், வெறும் காற்றில் ஒரு புள்ளியைத் தீர்மானித்து, அங்கே குவியத்தைப் பூட்டிவிட்டுக் காத்திருப்போம். பறவை அந்தப் புள்ளிக்கு வருகிற நொடியில் ஒரே ஒரு தட்டு. இன்னொரு சிக்கல் நம் ஊர் வெயில். நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். கழுகின் புருவமேடு துருத்திக்கொண்டிருப்பதால் கண் நிழலுக்குள் போய்விடும். கண்ணில் ஒளிப்புள்ளி இல்லாத கழுகு செத்த கழுகு என்பார்கள் எங்கள் மூத்தவர்கள். அதனால் காலைக் காட்சி அல்லது மாலைக் காட்சி, நடுப்பகலில் யாரும் ஃபிலிமை வீணாக்க மாட்டோம்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் மிஞ்சுவது கால்வார். பழக்கிய பருந்தின் ஒவ்வொரு கணுக்காலிலும் தோல்பட்டை ஒன்று இருக்கும். அதில் பித்தளை வளையம். வளையத்தில் கோத்த மெல்லிய தோல்வார். பயிற்சியாளர் விரல்களுக்கு இடையே பிடித்துக்கொள்வது அந்த வாரைத்தான். பறக்கவிடும் நேரத்தில் துளையில்லாத வாரைக் கோத்துவிடுவார்கள், கிளையில் எங்கும் மாட்டிக்கொள்ளாமலிருக்க. பறவை பறக்கும்போது அவை வாலுக்குக் கீழே இரண்டு கறுப்புக் கோடுகளாகப் பின்தொடரும்.

அந்த இரண்டு கோடுகள்தான் எங்கள் எதிரி. எங்கள் புகைப்பட மன்றப் போட்டிகளில் இயற்கைப் பிரிவு என்றால் மனிதக் கை படத்தில் தெரியவே கூடாது என்பது எழுதப்பட்ட விதி. விலங்குத் தோட்டத்தில் எடுக்கலாம். தோட்டம் தெரியக் கூடாது. பறவையின் கால்கள் வயிற்று இறகுக்குள் புதையும் நொடியைப் பார்த்து எடுப்பவர்கள் உண்டு. தலையும் மார்பும் மட்டும் எடுப்பவர்கள் உண்டு. ஸ்லைடுச் சட்டத்தைப் பிரித்து, வெள்ளி நாடாவை மிக நுணுக்கமாக ஒட்டி, கீழ்ப்பகுதியை மூடிவிடுபவர்களும் உண்டு. திரையில் காட்டும்போது வாரும் இல்லை, கையுறையும் இல்லை. கீழே தலைப்பு: வெண்வயிற்றுக் கடற்கழுகு, சிங்கப்பூர். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் மொத்தமும் உண்மையில்லை.

அங்கே ஒரு தமிழ்க்காரப் பயிற்சியாளர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். காட்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் நான் நிற்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தவர். ஒருமுறை நல்ல படமொன்றைப் பெரிதாக அச்சிட்டு அவருக்குக் கொண்டுபோனேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி. ரொம்ப நல்லாருக்கு. ஆனா இது நம்ம பறவை மாதிரி இல்லையே."

"நம்ம பறவைதாண்ணே. போன வாரம் எடுத்தது."

"அதுக்கில்ல. என் முடிச்சு எங்க?"

ஒரே கையால் போடும் முடிச்சு அது. மற்றொரு கையில் பறவை உட்கார்ந்திருக்கும் என்பதால் பருந்துக்காரர்கள் எல்லோரும் ஒற்றைக் கையால்தான் முடிச்சுப் போடக் கற்றாக வேண்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கயிற்றை வளைத்து, இழுத்து, வாலைக் கண்ணிக்குள் நுழைத்துவிடும்; கண் பறவையை விட்டு விலகாது. அதை அவர் எனக்கு மெதுவாகச் செய்துகாட்டினார். அந்த விரல்களை அன்று நான் படமெடுத்தேன். அது எந்தப் போட்டிக்கும் போகவில்லை; அவர் வீட்டில்தான் இருந்தது.

பருந்து அழைத்தால் வருவது பாசத்தால் என்று நினைப்பவர்கள் பலர். அவர் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. "பசிக்குதான் தம்பி வருது. பசியும் அளவாத்தான் இருக்கணும். ரொம்பப் பசிச்சா மூளை கெட்டுப்போகும், பசியே இல்லன்னா மரத்துல உக்காந்து என்னையே வேடிக்கை பாக்கும்." ஒவ்வொரு பறவைக்கும் பறக்கும் எடை என்று ஒன்று உண்டு. தினமும் காலையில் தராசில் நிறுத்தி, கிராம் கணக்கில் ஏட்டில் எழுதி, அன்றைய இரையை அதற்கேற்ப வெட்டிவைப்பார்கள். மழை பெய்தால், வெயில் ஏறினால், இறகுதிர்க்கும் பருவம் வந்தால் கணக்கு மாறும். இத்தனை கவனம் ஒரு பறவையின் மேல் ஒரு மனிதனுக்கு இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. நாங்கள் வெள்ளி நாடா ஒட்டி மூடியது அந்தக் கவனத்தைத்தான்.

இப்போது நிலைமை தலைகீழ். 2020-ஐ ஒட்டி வந்த கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்துத் தாமே பற்றிக்கொள்கின்றன. நொடிக்கு இருபது, முப்பது படம். வெறும் காற்றில் புள்ளி வைத்துக் காத்திருந்த தலைமுறையின் திறமைக்கு இனி வேலையில்லை; அதில் எனக்கு வருத்தமும் இல்லை. யார் வேண்டுமானாலும் கூர்மையான பருந்தை எடுக்கலாம் என்பது நல்லதுதான். ஆனால் படம் கூர்மையாகக் கூர்மையாக நம்பிக்கை மழுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. காட்டில் மூன்று நாள் மறைவிடத்தில் கிடந்து எடுத்த படத்தை ஓர் இளைஞர் காட்டினால், பார்ப்பவர் முதலில் கேட்பது, "எந்த ஜூ?" அடுத்து, "ஏஐ-ஆ?"

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. உலகின் மிகப் பெரிய காட்டுயிர்ப் புகைப்படப் போட்டிகளில் ஒன்றை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிறது. அதில் 2009-ஆம் ஆண்டின் முதல் பரிசு, இரவில் ஒரு மரவேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாய்ப் படத்துக்குக் கிடைத்தது. பார்த்தவர்கள் மூச்சடைத்துப்போனார்கள். பிறகு ஸ்பெயினைச் சேர்ந்தவர்களிடமிருந்து கேள்வி கிளம்பியது: காட்டு ஓநாய் எதற்காகத் தாண்ட வேண்டும்? சட்டங்களுக்கு இடையே நுழைந்து போயிருக்குமே? மாட்ரிட் அருகே ஒரு பூங்காவில் வளரும் பழக்கிய ஓநாயாக அது இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். எனக்கு அதில் உறுத்துவது ஒன்று. அந்த ஓநாய் பழக்கப்பட்டதாக இருந்தால், அது தாண்டுவதற்கு ஒருவர் எத்தனை மாதம் கற்றுக்கொடுத்திருப்பார்? அந்த மனிதரும் அந்த ஓநாயும் சேர்ந்து செய்த வேலை ஒரு நல்ல படத்துக்கு உரியதுதான். காட்டு ஓநாய் என்று சொல்லிப் போட்டியில் வைக்கத்தான் அது உரியதல்ல.

2015 முதல், அமெரிக்கப் புகைப்படச் சங்கம், பன்னாட்டுப் புகைப்படக் கலைச் சம்மேளனம், பிரிட்டனின் ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் இயற்கைப் புகைப்படத்துக்கு ஒரே இலக்கணத்தை வைத்திருக்கின்றன. சுதந்திரமாகத் திரியும் உயிர்தான் காட்டுயிர்ப் பிரிவுக்கு. விலங்குத் தோட்டத்தில் எடுத்தது அங்கே நுழைய முடியாது. காட்டுப் பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ, காட்டு விலங்கின் கழுத்தில் மாட்டிய பட்டையோ இருந்தால் பரவாயில்லை. எங்கள் மன்றத்திலும் இப்போது இதுதான் விதி. நியாயமான விதி. காட்டில் கிடப்பவரோடு பூங்காவில் நிற்பவர் மோதக் கூடாது. ஆனால் விதி வந்த கையோடு இன்னொன்றும் நடந்தது: அடைபட்ட விலங்கின் படமென்றாலே இரண்டாந்தரம் என்ற எண்ணம் இளைஞர்களிடம் வேரூன்றிவிட்டது. அதனால் அதை எடுக்காமல் விட்டார்களா என்றால், இல்லை. எடுக்கிறார்கள், எங்கே எடுத்தோம் என்று சொல்வதை விட்டுவிடுகிறார்கள்.

வெளிப்படையாக எடுத்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. உராங் உத்தான் ஆ மெங்கோடு காலையுணவு சாப்பிட்டுப் படமெடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை மண்டாய் 1982-இல் தொடங்கியது. சட்டவிரோதமாக வீட்டில் வளர்க்கப்பட்டு மீட்கப்பட்ட சுமத்ரா விலங்கு அது. இளவரசர் பிலிப்பும் எலிசபெத் டெய்லரும் மைக்கேல் ஜாக்சனும் அதனோடு படமெடுத்துக்கொண்டார்கள். எங்கள் உறவினர் ஊரிலிருந்து வந்தால் முதல் கோரிக்கையே அதுதான். தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரிக்கும் அந்தப் படங்களில் வாரும் இல்லை, வலையும் இல்லை, எல்லாம் வெளிப்படை. ஆனால் அதே மாதிரிப் படங்கள்தான், குரங்கினங்களை வீட்டில் வளர்க்கலாம் என்ற ஆசையைப் பரப்புகின்றன என்கிறார்கள் அறிஞர்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் குரங்கினப் பிரிவு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில், மனிதரும் குரங்கினமும் ஒட்டி நிற்கும் படங்களை வெளியிட வேண்டாம் என்றும், குறைந்தது ஏழு மீட்டர் இடைவெளி தெரியட்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நான் இதை ஏற்கிறேன். பருந்துக்காரரின் கை தெரியட்டும் என்று சொல்லும் நானே, சுற்றுலாப் பயணியின் கை உராங் உத்தானின் தோளில் தெரிய வேண்டாம் என்கிறேன். ஒன்று அந்தப் பறவையைத் தினமும் நிறுத்துப் பார்க்கும் கை. மற்றது படம் எடுத்ததும் போய்விடும் கை.

அடைபட்ட விலங்குகளின் படங்களை இரண்டாந்தரம் என்று தள்ளுகிறவர்களுக்கு நான் குவாகாவைக் காட்டுவேன். தென்னாப்பிரிக்காவின் அந்த அரைவரி வரிக்குதிரை உலகை விட்டே மறைந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது எடுத்ததென்று நமக்குக் கிடைத்திருப்பவை லண்டன் விலங்குத் தோட்டத்தில் வாழ்ந்த ஒரே ஒரு பெண் குவாகாவின் படங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டவை. எண்ணி ஐந்துதான். டாஸ்மேனியாவின் தைலசின் என்ற விலங்கும் அப்படியே. 1933-இல் இயற்கையியலாளர் டேவிட் ஃப்ளே ஹோபார்ட் தோட்டத்தின் கூண்டுக்குள் நுழைந்து எடுத்த சலனப்படத்தில் அது கொட்டாவி விடுவதும் படுப்பதும் நடப்பதும் பின்னால் கம்பிவலையோடு அப்படியே இருக்கின்றன. 1936 செப்டம்பர் 7 அன்று அந்தத் தோட்டத்தின் கடைசித் தைலசின் இறந்தது. அந்த வலையை இன்று யாராவது மென்பொருளால் நீக்கினால் எனக்குக் கோபம் வரும். அந்த விலங்கு எப்படி முடிந்தது என்பதற்குச் சாட்சி அந்த வலை.

அடைபட்ட விலங்கை ஒளிவுமறைவில்லாமல் எடுப்பவர் நம் காலத்திலும் இருக்கிறார். ஜோயல் சர்டோரி 2006-இல் நெப்ராஸ்காவின் லிங்கன் ஊரில், குழந்தைகளுக்கான ஒரு விலங்குத் தோட்டத்தில், ரோமமில்லாத ஒரு வளை எலியோடு தொடங்கிய வேலை அது. உலகெங்கும் தோட்டங்களிலும் காப்பகங்களிலும் இருக்கும் இனங்களை ஒவ்வொன்றாக, வெறும் கறுப்பு அல்லது வெள்ளைத் திரைக்கு முன்னால் வைத்து எடுக்கிறார். காடென்று நடிக்க அங்கே ஓர் இலைகூட இல்லை. எலிக்கும் யானைக்கும் ஒரே அளவு இடம். அந்தப் படங்களைப் பார்க்கிறவர் யாரும் "எந்த ஜூ?" என்று ஏளனமாகக் கேட்பதில்லை, படத்தோடேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

என் மகள் இங்கிலாந்தின் லீட்ஸில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போது யார்க்ஷயர் கிராமப்புறத்தில் உள்ள ஒரு பருந்து மையத்துக்கு அழைத்துப்போவாள். இங்கிலாந்தில் இது பழைய மரபு. 1967-இல் ஃபிலிப் கிளேசியர் நியூவென்ட் ஊரில் பொதுமக்களுக்கென ஒரு பருந்து மையத்தைத் தொடங்கினார், இன்று நாட்டின் பல பகுதிகளிலும் இப்படிப்பட்ட மையங்கள் உண்டு. புகைப்படக்காரர்களுக்கென்றே தனி நாள்கள் வைக்கிறார்கள். கட்டணம் கட்டினால் பறவை, பயிற்சியாளர், பின்னணி எல்லாம் கிடைக்கும். பாசிபடர்ந்த மரக்கட்டையின் பின்புறம் ஓர் இறைச்சித்துண்டைச் செருகிவைப்பார்கள். பருந்து அதில் இறங்கிக் கம்பீரமாகத் தலை திருப்பும். பாழடைந்த களஞ்சியத்தின் உடைந்த சன்னல் வழியே கூகை பறந்துவரும், அந்தச் சன்னலை இதற்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள். வாரை மறைக்க ஒரு கொத்துப் பெரணியைக் கட்டைமேல் வைக்கும்படி கேட்பார்கள் வந்திருப்பவர்கள். பயிற்சியாளரும் சலிக்காமல் வைப்பார். முன்பு நாங்கள் நாடா ஒட்டினோம். இங்கே கேட்டால் மையத்துக்காரர்களே இலை வைத்துத் தருகிறார்கள்.

சென்ற முறை, மற்றவர்கள் கூகையின் பின்னால் போயிருந்த வேளையில், நான் எடைபோடும் கொட்டகையிலேயே நின்றுவிட்டேன். பயிற்சியாளர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். ஹாரிஸ் பருந்து ஒன்றைக் கையுறையிலிருந்து தராசின் கட்டைக்கு மாற்றினார். பெண் பறவை, ஆணைவிட உருவத்தில் நன்றாகவே பெரியது. அது இறகுகளை ஒருமுறை உதறி அடங்கும்வரை எண் ஓடிக்கொண்டே இருந்தது. நின்றதும் எழுதிக்கொண்டார். "இதையா எடுக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டார். கையுறையையும் முடிச்சையும் எடுக்க வேண்டும் என்றேன். கையை ஒளிக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். அவர் விரல்கள் முடிச்சைப் போட்டன. அதே ஒற்றைக் கை முடிச்சு. கேமராத் திரையில் குவியத்தைக் காட்டும் பெட்டி பறவையின் கண்ணை விட்டு நகர மறுத்தது. அந்த வசதியை அணைத்துவிட்டு, பழைய பழக்கப்படி குவியத்தைக் கையால் கணுக்காலுக்குக் கொண்டுவந்தேன்.

எடுத்ததைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். பிறகு சிரிப்பு நின்றது. இன்னும் பெரிதாக்கச் சொன்னார். வலக்கால் பட்டையில், பித்தளை வளையம் தோலைப் பிடித்திருக்கும் விளிம்பில், மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. தோல் காய்ந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். எல்லாத் தோலும் ஒருநாள் காயும். எண்ணெய் பூசி வைப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள்; ஆனால் இறகு மூடிய இடத்தில் உள்பக்கமாக ஓடும் வெடிப்பு கண்ணுக்கு எளிதில் அகப்படாது. பறக்கும்போது பட்டை அறுந்து வார் ஒற்றைக் காலில் தொங்கினால், அது மரத்தில் மாட்டிக்கொண்டு பறவை தலைகீழாகத் தொங்கிச் செத்துப்போகலாம். அந்தப் பறவையை அன்று பறக்கவிடவில்லை. மேசையருகே கொண்டுபோய்ப் பட்டையை வெட்டியெடுத்து, புதிய பட்டையைச் சுற்றி, வளையத்தை வைத்து இடுக்கியால் அழுத்தினார். பறவை ஒருமுறை அவர் மணிக்கட்டைக் கொத்தியது. அவர் கையை எடுக்கவில்லை.

பிறகு அவரே கேட்டார்: பாதங்களின் அடிப்பக்கத்தையும் எடுக்க முடியுமா? வளர்ப்புப் பருந்துகளுக்குப் பாதவீக்கம் என்றொரு நோய் வரும். நெடுநேரம் ஒரே கட்டையில் நிற்பதால் உள்ளங்காலின் ஒரே இடத்தில் பாரம் விழுந்து, தோல் வழவழப்பாகி, சிவந்து, பிறகு புண்ணாகிச் சீழ்வைக்கும். தொடக்கத்தில் கண்டால் கட்டையின் உறையை மாற்றியே சரிசெய்துவிடலாம். முற்றினால் அறுவைதான். அந்த முதல் வழவழப்பைக் கண்ணால் பார்ப்பது கடினம். பக்கவாட்டு ஒளியில் எடுத்த படத்தில் தோலின் மணிமணியான சொரசொரப்பு எங்கே தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பறவையாகக் கொண்டுவந்தார். கொட்டகைக் கதவை ஒருபக்கம் மட்டும் திறந்து வைத்தோம், ஒளி சாய்வாக விழட்டும் என்று. அவர் பறவையைத் துணியில் சுற்றிப் பிடித்து விரல்களை விரித்துக் காட்ட, நான் எடுத்தேன். கூகைக்குப் போனவர்கள் திரும்பிவந்து, என்ன எடுக்கிறீர்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தன் கேமராவில் மேக்ரோ லென்ஸை மாட்டிக்கொண்டு வரிசையில் சேர்ந்துகொண்டார். படங்களை எப்படி அனுப்ப வேண்டும் என்று அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: பறவையின் பெயர், தேதி, அன்றைய எடை, இடக்காலா வலக்காலா.